வீட்டில் 8 பேர் போக்கர்: எந்த மதிப்பில் எத்தனை சிப் வேண்டும்?

பொங்கோல்வாசி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் போக்கர் சீட்டாட்டம். அதில் டெக்சஸ் ஹோல்டெம் வகை மட்டும்தான். சொந்தக்காரர்களும் பழைய வேலையிடத்து நண்பர்களுமாக ஆறிலிருந்து எட்டுப் பேர் வருவார்கள். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பந்தயம், 10 காசு, 20 காசு. உட்காரும்போது ஆளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தீர்ந்தால் இன்னொரு 20 வெள்ளிக்கு வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் 60 வெள்ளி ஜெயித்துவிட்டால் அடுத்த மாதம் வரை அதுதான் பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் இரண்டு கேசினோக்களிலும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் உள்ளே கால் வைப்பதற்கே ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். அந்த 150 வெள்ளியை வைத்து எங்கள் மேசையில் நான் ஒரு வருடம் தோற்பேன்.

போன மாதம் வரை சில்லறைக் காசை வைத்தே ஆடினோம். ஒரு மைலோ டப்பா நிறைய 10 காசும் 50 காசும் சேர்த்து வைத்திருந்தேன். கை கருத்துப்போகிறது, ஒட்டுகிறது என்று வீட்டம்மா முகம் சுளித்ததால் காசுக்குப் பதிலாக வைத்து ஆட இணையத்தில் ஒரு 500 சிப் பெட்டி வாங்கினேன். அலுமினியப் பெட்டி, பார்க்க ஜோராக இருக்கிறது. உள்ளே இருப்பது: வெள்ளை 1 என்று போட்டது 150, சிவப்பு 5 என்று போட்டது 150, நீலம் 10 என்று போட்டது 50, பச்சை 25 என்று போட்டது 100, கருப்பு 100 என்று போட்டது 50.

எங்கள் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி வெள்ளை 10 காசு, சிவப்பு 50 காசு, நீலம் 1 வெள்ளி, பச்சை 2.50 வெள்ளி, கருப்பு 10 வெள்ளி என்று முடிவு செய்தேன். ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். ஒருவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈசூனிலிருந்து வரும் மாமா, 20 காசு கால் செய்ய, அதாவது இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக வைக்க, ஒரு பச்சை சிப்பைத் தூக்கிப் போட்டார். அவர் மனதில் அது 25 காசு, 5 காசு மிச்சம் வரும். எதிரில் இருந்தவருக்கோ அது 2.50 வெள்ளி ரெய்ஸ், பந்தயத்தை உயர்த்துவது. அவர் ஆல் இன், கையில் இருப்பது மொத்தமும் பந்தயம், என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் சீட்டு ஆடவில்லை, வழக்கு ஆடினோம். நடுவில் நான் சாப்பாடு எடுத்து வைக்கப் போன நேரத்தில் மச்சான் பெட்டியைப் பார்த்துக்கொண்டார், ரீபை (தீர்ந்த பின் மறுபடி வாங்குவது) கேட்டவர்களுக்கு அவர்தான் எண்ணிக் கொடுத்தார். இரவு ஒன்றரை மணிக்குக் கணக்கு முடித்தபோது 11 வெள்ளி 50 காசு குறைகிறது. வீட்டுக்காரன் என்பதால் என் பையிலிருந்து போட்டேன்.

இப்போது கேள்விகள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு எண் போடாத சிப் வாங்கலாமா? வாங்கினால் 300 போதுமா, 500 வேண்டுமா? எந்த நிறத்தில் எத்தனை? 10/20 காசு ஆட்டத்துக்குச் சரியான மதிப்புகள் என்ன? கடைசியாக இன்னொன்று: பிரியாணிச் செலவுக்காக ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (பாட் என்பது மேசை நடுவில் சேரும் பந்தயப் பணம்) 20 காசு எடுத்து வைக்கலாம் என்று மச்சான் சொல்கிறார். அது சரியா?

வாழைப்பூ:

தலைப்பில் சிப் என்று பார்த்து நேந்திரங்காய் வறுவல் என்று நினைத்து வந்தேன். வந்ததற்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்: நாங்கள் ஐந்து பேர், 300 சிப் பெட்டி, மூன்றே நிறம். இன்றுவரை பற்றாக்குறை வந்ததில்லை. பாட்டிலிருந்து எடுக்காதீர்கள், பிரியாணிக்குத் தனியாக வசூலியுங்கள்.

சில்லறைக்காரர்:

தம்பி, புதுப்பெட்டி வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே நல்ல பெட்டி. தப்பு அதில் இல்லை, மேசையில் பேசிய மொழியில் இருக்கிறது.

முதலில் அந்த 11.50-ஐப் பார்ப்போம். நான் காசு மாற்றும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவன். கணக்கு இடித்தால் தூக்கம் வராத வியாதி உண்டு. உங்களுக்குக் குறைந்திருக்கிறது. சிப் தொலைந்திருந்தால் குறையாது, பணம் மிஞ்சும்; சோபாவுக்குக் கீழே கிடக்கும் சிப்பை யாரும் பணமாக மாற்ற முடியாதே. குறைகிறது என்றால் வாங்கிய பணத்துக்கு மேல் சிப் வெளியே போயிருக்கிறது. 11.50-ஐ 50 காசால் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 23 வருகிறது. உங்கள் பெட்டியில் 50 காசு வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கும்? 2.50 என்ற சிப்பில். மச்சான் பச்சையை 2 வெள்ளி என்று நினைத்து எண்ணிக் கொடுத்திருப்பார், நீங்கள் கடைசியில் 2.50 என்று எண்ணி வாங்கியிருப்பீர்கள். பச்சை 23 அப்படிப் போயிருக்கிறது. ஊகம்தான், ஆனால் கேட்டுப் பாருங்கள்.

2.50 என்ற மதிப்பு மனிதர் வாயில் நிற்காது. ‘இரண்டரை, இரண்டரை, அஞ்சு, ஏழரை’ என்று நடுராத்திரியில் யார் எண்ணுவார்கள்? ஆனால் அதே பச்சை, 25 என்று அச்சிட்டது அச்சிட்டபடி இருந்தால் எண்ணுவது சுலபம். அதனால் நான் சொல்வது இதுதான்: மேசையில் காசையும் வெள்ளியையும் பேசாதீர்கள். புள்ளி பேசுங்கள். ஒரு புள்ளி 10 காசு. பிளைண்ட் 1, 2. பை-இன், அதாவது உட்காரும்போது வாங்குவது, 200 புள்ளி. சிப்பில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் அதன் மதிப்பு. மாமா 25 போட்டால் 25தான், அதில் இரண்டு கருத்து வராது. பணமாக மாற்றுவது ஓர் இடத்தில் மட்டும் நடக்கட்டும், பெட்டிக்குப் பக்கத்தில், உங்கள் கையால். பத்தால் வகுத்தால் முடிந்தது.

இப்போது பெட்டியைத் திறந்து அந்த நீலத்தை, 10 போட்டதை, எடுத்து அலமாரியில் வையுங்கள். அதற்கு வேலையே இல்லை. சிவப்பு இரண்டு சேர்ந்தால் அதுதான். ஒரு மதிப்புக்கும் அடுத்ததற்கும் நாலு அல்லது ஐந்து மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு மடங்காக வைத்தால் நிறம் கூடும், பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு என்று தெரியாது. பத்து மடங்காக வைத்தால் ஒவ்வொரு கைக்கும் சில்லறை மாற்ற வேண்டி வரும். 1, 5, 25, 100 என்பது ஐந்து, ஐந்து, நாலு மடங்கு. கேசினோக்காரர்கள் சும்மா வைக்கவில்லை.

எத்தனை என்பது அடுத்தது. எல்லோரும் மொத்தத் தொகையிலிருந்து தொடங்குவார்கள், நான் அப்படிச் செய்ய மாட்டேன். உங்கள் மேசையில் அடிக்கடி விழும் பந்தயம் எவ்வளவு என்று பார்ப்பேன். 1, 2 பிளைண்ட் ஆட்டத்தில் சீட்டு வந்ததும் 6, 8, 10 என்று ரெய்ஸ் போகும். ஃப்ளாப், நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு, வந்த பிறகு 10, 15, 20. அப்புறம் 40, 50. இத்தனைக்கும் ஓடியாடி வேலை செய்வது சிவப்பு ஐந்துதான். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் சிவப்பு நிறைய இருக்க வேண்டும். வெள்ளை பிளைண்டுக்கும், அந்த 6, 8 மாதிரி உதிரிக்கும் மட்டும்தான். பத்து இருந்தால் போதும், சுற்றிச் சுற்றி வரும். ஆளுக்கு 30 வெள்ளை கொடுத்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு பந்தயமும் வெண்டைக்காய் எண்ணுவது மாதிரி ஆகிவிடும்.

ஆளுக்கு வெள்ளை 10, சிவப்பு 18, பச்சை 4. பத்து, தொண்ணூறு, நூறு, மொத்தம் 200. எட்டுப் பேருக்கு வெள்ளை 80, சிவப்பு 144, பச்சை 32 போகிறது. சிவப்பு 150தான் இருக்கிறது, கிட்டத்தட்ட முழுவதும் மேசைக்கு வந்துவிடும். அதுதான் வேண்டும். ஒன்பதாவது ஆள் வந்து நின்றால் சிவப்பு பத்தாது. அன்றைக்கு ஆளுக்குச் சிவப்பு 13, பச்சை 5 என்று மாற்றிக்கொள்ளுங்கள், வெள்ளை அதே பத்து. அதுவும் 200தான்.

ரீபைக்கு வெள்ளை, சிவப்பைத் தொடாதீர்கள். பச்சை 8 கொடுங்கள், 200. அவருக்குச் சில்லறை வேண்டுமென்றால் பக்கத்தில் குவித்து வைத்திருப்பவரிடம் மாற்றிக்கொள்வார். ஜெயித்தவர் முன்னால்தானே சில்லறை மலைபோல் இருக்கும்? எட்டு ரீபை வரை பச்சை தாங்கும். அதற்கு மேல் கருப்பு. உங்கள் பெட்டியில் நீலம் போக 8,400 புள்ளி இருக்கிறது, அதாவது 840 வெள்ளி. எட்டுப் பேரும் உட்கார்ந்து பன்னிரண்டு ரீபை ஆனால்கூட மேசையில் 400 வெள்ளிதான். பாதிக்கு மேல் பெட்டியிலேயே தூங்கும்.

எண்ணுவதற்கு ஒரு வழி. ஒவ்வொன்றாக எண்ணாதீர்கள். இருபதை ஒரே ஒரு முறை எண்ணி ஒரு தூணாக அடுக்குங்கள், ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் வரும். அடுத்ததை அதன் பக்கத்தில் ஒட்டி அடுக்கி, மேலே உள்ளங்கையால் ஒரு தடவு. ஒரு சிப் கூடினாலும் குறைந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். கடையில் ஒரு வெள்ளி நாணயத்தை அப்படித்தான் எண்ணுவோம். இருபது சிவப்பு ஒரு தூண் என்றால் 100, பச்சைத் தூண் 500.

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே ஆள். நீங்கள் சாப்பாடு எடுத்து வைக்கப் போனால் பெட்டியை மூடிவிட்டுப் போங்கள், ரீபை ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. பணம் டப்பாவில் விழுந்த பிறகுதான் சிப் வெளியே வர வேண்டும். ‘அப்புறம் பேநவ்வில் பணம் அனுப்புகிறேன்’ என்பவரைத் தாளில் எழுதுங்கள், முகத்தில் எழுதி வைக்காதீர்கள். ஒரு பை-இன்னுக்கு ஒரு கோடு. கடைசியில் கோடுகளை எண்ணி 200-ஆல் பெருக்கினால் மேசையில் அவ்வளவு புள்ளி இருந்தே ஆக வேண்டும். யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைச் சரிபாருங்கள். கொடுத்த பிறகு பார்த்தால் உங்கள் பைதான் பதில் சொல்லும்.

மாமாவின் பச்சை சிப்புக்கு ஒரு தீர்ப்பும் உண்டு. ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கால் மட்டும்தான், மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரெய்ஸ் என்றால் சிப் மேசையைத் தொடும் முன் வாயால் சொல்ல வேண்டும். கேசினோவில் இருக்கும் விதிதான். அன்றைக்கு இதைத் தெரிந்து வைத்திருந்தால் வழக்கே இல்லை, மாமா 20 காசு கால் செய்தார், அவ்வளவுதான்.

பாட்டிலிருந்து 20 காசு எடுக்கும் யோசனையை மச்சானோடு விட்டுவிடுங்கள். 2022-ஆம் ஆண்டு சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வீட்டில் குடும்பத்தாரும் தெரிந்தவர்களும் ஆடுவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஆடி ஜெயிப்பதைத் தவிர நடத்துபவருக்கோ வேறு யாருக்குமோ அதில் ஆதாயம் இருக்கக் கூடாது. பிரியாணிதானே என்று தோன்றும். பாட்டில் கை வைத்து எடுத்த பிறகு அது பிரியாணியா ஆதாயமா என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வரும்போதே ஆளுக்கு எட்டு வெள்ளி சாப்பாட்டுக்கு வாங்கிவிடுங்கள்.

எடிசன் எட்டாம் தெரு:

சில்லறைக்காரர் அண்ணன் கணக்கில் குறை சொல்ல முடியாது. புள்ளி முறைதான் எனக்கு ஒப்பவில்லை. நாங்கள் நியூ ஜெர்சியில் ஒன்பது பேர். ஆரம்பத்தில் அப்படித்தான் ஆடினோம். ‘நாற்பது’ என்று சொல்லும்போது வாய்க்கு அது நாலு டாலர் என்று உறைப்பதில்லை. ‘நாலு டாலர்’ என்று சொல்லிப் போட வேண்டியிருந்தால் ஒரு கணம் யோசிப்பார்கள். புள்ளியில் ஆடிய காலத்தில் ரீபை எங்களுக்கு இரண்டு மடங்காக இருந்தது. நண்பர்கள் ஆட்டத்தில் யாரும் தெரியாமல் தோற்கக் கூடாது, தெரிந்தே தோற்கட்டும்.

நாங்கள் ஆடுவது 25 சென்ட், 50 சென்ட் பிளைண்ட், பை-இன் 50 டாலர். சிப்பில் உண்மையான மதிப்பையே அச்சடித்து வாங்கினோம்: 25 சென்ட் 100, 1 டாலர் 200, 5 டாலர் 160, 25 டாலர் 40. ஆளுக்கு 25 சென்ட் எட்டு, 1 டாலர் பதினெட்டு, 5 டாலர் ஆறு. ஓடியாடி வேலை செய்வது எங்களுக்கு 1 டாலர், அதனால்தான் அது 200. 25 டாலர் சிப்பை மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகம்.

உங்கள் 10/20 காசு ஆட்டத்துக்குப் புதிதாக அச்சடித்தால் 10 காசு, 50 காசு, 2 வெள்ளி, 10 வெள்ளி என்று போகலாம். சிங்கப்பூரில் 2 வெள்ளியும் 10 வெள்ளியும் நோட்டாகவே இருப்பதால் பழகிய எண்கள். 100, 200, 160, 40. ஆளுக்கு 10 காசு பத்து, 50 காசு பதினெட்டு, 2 வெள்ளி ஐந்து. சரியாக 20 வெள்ளி வரும்.

வாங்குவதாக இருந்தால் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். 11.5 கிராம், 14 கிராம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். பிளாஸ்டிக்குக்குள் ஓர் உலோகத் தகடு, அதுதான் அந்த எடை. கேசினோக்களின் களிமண் சிப் பெரும்பாலும் பத்து கிராமைத் தாண்டாது. எங்களுடையது செராமிக், பத்து கிராம். மேல்பரப்பு முழுக்க அச்சிடலாம், அதுதான் அதன் வசதி. முதல் மாதம் அடுக்கினால் வழுக்கியது, கை பட்டுப் பட்டுச் சரியாகிவிட்டது.

நிறத்தையும் உங்கள் வீட்டு விளக்கில் பார்த்து வாங்குங்கள். என் நண்பர் வீட்டில் மஞ்சள் விளக்கு. கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரிந்து ஒருவர் 5 என்று நினைத்து 100 போட்டுவிட்டார். கடைசியாகத் திறக்கும் ரிவர் சீட்டு அவருக்குச் சாதகமாக வந்து தொலைத்ததால் சண்டை வரவில்லை.

சில்லறைக்காரர்:

எடிசன் தம்பி சொல்வது நியாயம். புள்ளி என்றால் கை தாராளமாகும். நான் அதை மறைக்கவில்லை, நினைத்தே பார்க்கவில்லை. கடையில் இந்தோனேசிய ரூப்பியா மாற்ற வருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். 100 வெள்ளியைக் கொடுத்துவிட்டு பத்து லட்சத்துக்கு மேல் கையில் வாங்கியதும் ஒரு நிமிடம் பணக்காரர் மாதிரி நிற்பார்கள்.

ஆனாலும் பொங்கோல் தம்பிக்கு என் பதில் மாறாது. புதிதாக அச்சடிக்க ஆகும் செலவு அவர்கள் ஆட்டத்தில் இரண்டு மூன்று மாதத்துப் பணம். கையில் இருப்பதை வைத்து ஒரு மாதம் ஆடிப் பார்க்கட்டும். ரீபை கூடினால் பை-இன்னை 100 புள்ளியாகக் குறைத்துக்கொள்ளலாம், காசு செலவில்லை.

இன்னொன்றை மறந்துவிட்டேன். கண்ணாடி மேசையாக இருந்தால் மேலே ஒரு போர்வையை இறுக்கமாக விரித்து ஓரத்தில் கிளிப் போடுங்கள். வெறும் கண்ணாடியில் சிப்பை நகத்தால் கெல்லி எடுப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். மாஜோங் மேசையில் எட்டுப் பேரை உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். அது நாலு பேருக்குச் செய்தது, முழங்கால்கள்தான் போக்கர் ஆடும்.

பொங்கோல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆட்டம் முடிந்தது, அறிக்கை இதோ.

முதலில் மச்சான். கேட்டேன். ‘பச்சை இரண்டு வெள்ளிதானே?’ என்று திருப்பி என்னையே கேட்டார்! அன்றைக்கு இரண்டு பேருக்குப் பத்துப் பத்துப் பச்சை கொடுத்திருக்கிறார். மூன்றாவது ஆளுக்குப் பத்து வெள்ளிக்கு மூன்று பச்சை, எட்டுச் சிவப்பு. கூட்டினால் 23 பச்சை. சில்லறைக்காரர் அண்ணே, நான் வீட்டம்மாவைக் கூப்பிட்டு உங்கள் பதிலைக் காட்டினேன். ‘இவரை நம் வீட்டு மாதக் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்றாள்.

நீலம் அலமாரிக்குப் போய்விட்டது. வெள்ளை பத்து, சிவப்பு பதினெட்டு, பச்சை நாலு என்று எட்டுப் பேருக்கும் முன்னாலேயே அடுக்கி வைத்துவிட்டேன். வந்தவர்கள் உட்கார்ந்ததும் சீட்டுப் போட முடிந்தது, போன முறை சிப் பிரித்துக் கொடுக்கவே இருபது நிமிடம் ஆனது. முதல் அரை மணி நேரம் பழக்க தோஷத்தில் ‘அம்பது காசு’ என்று சொன்னவர்களை மற்றவர்கள் கத்தித் திருத்தினார்கள். அப்புறம் எல்லோர் வாயிலும் ‘பதினஞ்சு’, ‘நாற்பது’ என்று தானாக வந்துவிட்டது. சுவரில் ஒட்டிய தாளை மாமாவே கிழித்துப் போட்டார்.

மாமா இந்த முறையும் ஒரு பச்சையைப் பேசாமல் போட்டார். கால் என்று தீர்ப்பு, 23 புள்ளி திருப்பிக் கொடுத்தோம். ‘நான் ரெய்ஸ் செய்யத்தான் போட்டேன்’ என்று அவர் முறைத்தார். அந்தக் கையில் அவர் தோற்றதால் பிறகு அந்த விதியைப் புகழ ஆரம்பித்துவிட்டார்.

எடிசன் அண்ணே சொன்னதும் நடந்தது. வழக்கமாக மூன்று நாலு ரீபைதான் வரும், நேற்று ஏழு. அதில் மாமா மட்டும் மூன்று. அடுத்த மாதம் பை-இன் 100 புள்ளி என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கு ஆளுக்கு வெள்ளை 10, சிவப்பு 13, பச்சை 1 என்று போட்டிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் எண்ணினேன். பதினைந்து கோடு, 3,000 புள்ளி இருக்க வேண்டும், 2,998 இருந்தது. மைலோ டப்பாவில் 20 காசு மிச்சம். கீழே விழுந்த வெள்ளை என்று இப்போது எனக்கும் தெரியும் என்பதால் பதறவில்லை. காலையில் பார்த்தால் ஒரு வெள்ளை சிப் என் சின்ன மகனின் பொம்மை லாரியில் டயராக ஓடிக்கொண்டிருந்தது.

சில்லறைக்காரர்:

பத்து, அறுபத்தைந்து, இருபத்தைந்து, 100 சரிதான். பச்சை 1 போதும்.

லாரிக்கு இன்னொரு பக்கமும் டயர் இருக்கும், பாருங்கள்.